கயிற்றுக்கு வெளியே

அந்த அக்கா எதிரே வந்தால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்குக் கை இரண்டும் தானாக மேலே போகும். பயம் இல்லை, பழக்கம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவளுக்கு வாசலில் வேலை. வேலைக்குப் போகிற பெண்களைச் சோதித்து உள்ளே விடுவது அவள் பொறுப்பு. ஆண்களைச் சோதிக்க ஒரு வாட்ச்மேன் உண்டு. அவர் பாதி நேரம் டீக்கடையில் இருப்பார் என்பதால் அதையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். ஆண்களைத் தொடமாட்டாள். நின்ற இடத்திலேயே நின்று, கையைத் தூக்கச் சொல்லி, "மடியில என்ன?" என்பாள். அவ்வளவுதான். தீப்பெட்டி, பீடிக் கட்டு, அப்போதுதான் புதிதாக வந்திருந்த செல்போன் எல்லாம் மரப்பெட்டியில் வந்து விழும். ஒருத்தன் அவசரத்தில் தாயத்தைக்கூடக் கழற்றி வைத்தான்.

கம்பெனி கேட்டில் நிற்கிறவள் என்பதால் ஊரில் எல்லோரும் அவளைக் 'கேட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கென்று அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அதை இங்கே சொல்லமாட்டேன். ஏன் என்று கடைசியில் தெரியும், பொறுங்கள்.

நான் அப்போது மைக் செட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், கொஞ்சம் சீரியல் பல்பு, எந்நேரமும் கரகரக்கிற ஒரு மைக். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவு விழுந்த கேத வீடு என்று ஜனம் கூடுகிற இடத்தில் எல்லாம் நான் இருப்பேன். நான் இருக்கிற இடத்தில் எல்லாம் அக்காவும் இருப்பாள். கம்பெனி வாசலை மடியில் கட்டிக்கொண்டே திரிகிறவள் மாதிரி, அங்கேயும் வந்து வாசலில்தான் நிற்பாள்.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பட்டாசு அறைக்குள்ளே இருக்கும்போது எங்களைப் போல ஒழுக்கமான ஜனத்தை உலகத்தில் பார்க்க முடியாது. ஓடமாட்டோம், தள்ளமாட்டோம், ஒருத்தன் மேல் ஒருத்தன் உரசமாட்டோம். எதையும் இழுக்கமாட்டோம், தூக்கித்தான் வைப்போம். தும்மல் வந்தால்கூட வெளியே வந்து தும்முவோம். அதே ஆள் சாயங்காலம் கோயில் வாசலில் பீடியைக் கடித்துக்கொண்டு, அதே நெருப்பில் வெடியைப் பற்றவைத்து, நாலு பேர் காலுக்கு நடுவில் வீசிவிட்டுச் சிரிப்பான். கேட்டால், "திருவிளான்னா அப்படித்தாம்லே" என்பான். இது எனக்கு வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. அக்காவுக்குத்தான் பொறுக்காது.

"பகல்ல பூனை மாதிரி நடக்கான், பொழுது சாஞ்சா கொரங்கு மாதிரி ஆடுதான். ரெண்டும் ஒரே ஆளாலே?" என்று என்னிடம் கேட்பாள். நான் குழாயைத் திருப்புவது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவளுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அதாவது, இன்னார் பெரிய ஆள், இன்னாரிடம் வளைந்து கொடுக்கவேண்டும் என்பது தெரியாது. ஒரு தடவை முதலாளி தன் புது மருமகனைக் கம்பெனி காட்டக் கூட்டிவந்தார். சென்னைப் பையன். பளபளவென்று ஒரு நைலான் சட்டை. அக்கா குறுக்கே நின்றுவிட்டாள். கம்பெனிக்குள் பருத்திதான் போடவேண்டும், நைலான் உரசினால் பொறி வரும் என்பது சட்டம்.

"இவரு என் மருமகன்மா" என்றார் முதலாளி.

"தெரியுது முதலாளி. மருமகனாயிட்டா நைலான் பருத்தியாயிருமா?"

முதலாளி இரண்டு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். பிறகு காரிலிருந்து தன்னுடைய வேட்டி ஒன்றையும், டிரைவரின் பழைய பருத்திக் காடாச் சட்டை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். மருமகன் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டேதான் கம்பெனி முழுக்கச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று வேலைக்காரர்களுக்கும் அக்கா தனியாகச் சொல்லி அனுப்பினாள். "விருந்தாளியப் பாத்துச் சிரிச்சா பல்லைத் தட்டிருவேன்" என்றாள்.

கேத வீட்டில் சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் சீட்டு விளையாடிக்கொண்டு ஹோவென்று சிரிப்பார்கள் சிலபேர். அக்கா போய் அவர்கள் தலைமாட்டில் நிற்பாள். "கேதத்துக்கு வந்தீகளா, கெடாவெட்டுக்கு வந்தீகளா?" அவ்வளவுதான் கேள்வி. சீட்டு மடங்கிவிடும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கும் முன்னால் கதவைப் பார்ப்பாள். உள்பக்கம் திறக்கிற கதவு என்றால் முகம் சுண்டிப் போகும். மணல் வாளி இருக்கிறதா என்று தேடுவாள். இல்லையென்றால் வெளியே போய் ஒரு வாளியில் மண் அள்ளிக்கொண்டு வந்து, மொய் எழுதுகிற மேசைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். என் கல்யாணத்தில் அந்த வாளி போட்டோவிலேயே விழுந்திருக்கிறது. என் பெண்டாட்டி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

பாவம் அவள் புருஷன். நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பார். வீட்டு வாசலில் வந்து நின்றதும் அவராகவே இரண்டு கையையும் தூக்கிவிடுவார். குடிக்காத நாளிலும் தூக்குவார். ஒருமுறை சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனவர், வாசலில் போலீஸ்காரர் ஒன்றும் கேட்காமலேயே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாராம். அவர்களே சந்தேகப்பட்டு அரைமணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள்.

இந்த அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் உண்டு. அவள் மகள் தலையில் முளைப்பாரியைப் பார்த்துவிடவேண்டும்.

எங்கள் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் நடக்கும். கன்னிப் பிள்ளைகள் பானையில் நவதானியம் முளைக்கவைத்து, கும்மியடித்து, தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கண்மாயில் கரைப்பார்கள். அதுதான் முளைப்பாரி. அன்றைக்கு மதியம் முதலே மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதும் தொடங்கிவிடும். முறைப்பையன் முறைப்பெண் மேல் ஊற்றுவது என்பது வழக்கம். வழக்கம் எங்கே நின்றது? தண்ணி போட்டவன் கண்டவர் மேல் எல்லாம் ஊற்றினான். ஊருக்குப் புதிதாக வந்த டீச்சரம்மா மேல் ஊற்றினான். கும்மியடித்த பிள்ளைகள் காலடியில் ஒரு வருஷம் வெடியைப் போட்டான் ஒருத்தன், ஒரு பிள்ளைக்குப் பாவாடை ஓரம் கருகிப் போனது. கேட்கப்போன தகப்பனுக்கு அடி விழுந்தது. அதோடு எல்லா வீட்டிலும், "எங்க பிள்ளையை அனுப்பமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் வயசான பொம்பளைகள் நாலு பேர் மட்டும் பேருக்கு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வருவார்கள்.

அக்காவின் மகள் பிள்ளைகள் முளைப்பாரி தூக்காத இந்த வருஷங்களில் வளர்ந்தவள். ஒரு தடவைகூட முளைப்பாரி தூக்கியதில்லை. அச்சங்குளத்தில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் ஆகிவிட்டால் பிறகு கன்னிப்பிள்ளையாகத் தூக்கமுடியாது. இந்தப் பங்குனியை விட்டால் இல்லை.

ஊர்க்கூட்டம் போட்டபோது அக்கா எழுந்தாள். பொம்பளை எழுந்து பேசுவது எங்கள் கூட்டத்துக்குப் புதுசு. ஊர்த்தலைவர் கையைத் தூக்கப் போய்ப் பாதியில் சமாளித்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"பட்டறையில அம்புட்டு பேரும் ஒளுங்காத்தான இருக்கீக? எதனால? அங்கன கேட்டு இருக்கு. கோயிலுக்கும் ஒரு கேட்டு வைங்க."

"சாமிக்கே கேட்டா ஆத்தா?" என்றார் தலைவர்.

"சாமிக்கு எதுக்கு மாமா? நமக்கு."

கோயில் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டவேண்டும். குடித்தவன் கயிற்றுக்கு உள்ளே வரக்கூடாது. தீப்பெட்டியும் வெடியும் வாசலிலேயே வைத்துவிடவேண்டும். வாண வேடிக்கை கண்மாய்க் கரையில் தனியாக நடக்கட்டும், மணல் வாளியோடு. மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவன் முதலில் கேட்கவேண்டும், அந்தப் பிள்ளை சரி என்றால் ஊற்றலாம். இதுவரை ஜனம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள்: ஆத்தா, அக்கா, தங்கச்சியை இழுத்து எவன் வைதாலும் அவன் கயிற்றுக்கு வெளியே போய்விடவேண்டும். பொங்கல் முடியும் வரைக்கும் உள்ளே வரக்கூடாது. அவன் பெயரை மைக்கில் சொல்லவேண்டும்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதற்கே அந்த வார்த்தைகள் தேவைப்படும். ஒரு பெரியவர் எழுந்து உண்மையான கவலையோடு கேட்டார்: "ஆத்தா, ஆட்டைக்கூட வையக்கூடாதா?"

"ஆட்டை வைங்க சித்தப்பா. ஆட்டோட ஆத்தாளை வையாதீக."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "இது நடந்தா என் பிள்ளையை அனுப்புதேன்" என்றாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக. தலைவர் வேறு வழியில்லாமல், "சரி, ஒரு வருசம் பாப்போம்" என்றார். இதில் ஏதாவது ஒரு கலாட்டா நடந்தால் முளைப்பாரியைப் பாதியிலேயே நிறுத்திவிடுவது என்றும் பேச்சு.

பொங்கலன்று காலையில் கயிறு கட்டியாயிற்று. வாசலில் மரப்பெட்டியோடு அக்கா நின்றாள். ஊர் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிட வந்தது. பார்க்கிறவனுக்கு ரொம்பப் பக்தியான ஊர் என்று தோன்றியிருக்கும்.

முதலில் வெளியே போனவர் சாமியாடி. அருள் வந்து ஆடும்போது யாரோ ஒருத்தன் அவர் காலை மிதித்துவிட்டான். அருளோடு அருளாக ஒரு வார்த்தை வந்துவிட்டது. அக்கா போய் எதிரே நின்றாள்.

"ஏய்! நான் ஆத்தா வந்திருக்கேன்! என்னையவா வெளிய போகச் சொல்லுத?" என்று சாமி கண்ணை உருட்டியது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, நீ உள்ளயே இரு. உன்னையக் கொண்டாந்த ஆளை மட்டும் வெளிய அனுப்பு."

சாமி அந்த நிமிஷமே மலையேறிவிட்டது. சாமியாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டிப் போனார். நான் மைக்கில் பெயரைச் சொன்னேன்.

இரண்டாவது ஆள் நான்தான். சிரிக்காதீர்கள். குழாயில் ஒரு வயர் பிடுங்கிக்கொண்டது. கூடமாட ஒத்தாசைக்கு இருந்தவனைப் பார்த்து அந்த வயரின் தாயாரைப் பற்றி ஒன்று சொன்னேன். மைக் ஆனில் இருந்தது. வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா தூரத்திலிருந்தே கட்டைவிரலால் 'வெளியே' என்று காட்டினாள். என் பெயரை நானே மைக்கில் சொல்லிவிட்டு, மேசை, ஆம்ப்ளிபயர், பாட்டு சிடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிழக்கே ரோட்டோரம் வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கே சாமியாடி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் மஞ்சள் தண்ணீர் நடப்பது நன்றாகத் தெரிந்தது. ஊற்றுவதைவிடக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எங்கள் பையன்களுக்குப் புரிந்தது. காளை மாதிரி இருப்பான், சொம்போடு போய் முறைப்பெண் முன்னால் நின்று வாய் வராமல் திரும்பி வருவான். ஒருத்தன் பதற்றத்தில், "ஊத்தட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டான். அந்தப் பிள்ளை, "ஏன், அக்கா மேல ஊத்துவியா தம்பி?" என்று கேட்டது. அவன் அப்புறம் இரண்டு வருஷம் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. தலைவர்கூடத் தன் பெண்டாட்டியிடம் போய்க் கேட்டார். "வேண்டாம்" என்றாள் அந்தம்மா. "கல்யாணமானதுல இருந்து இன்னைக்குத்தான் ஒண்ணு கேட்டுச் செய்யாரு. வேண்டாம்னு சொல்லி எப்படியிருக்குன்னு பாக்கேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள்.

வெயில் தாழ்ந்தது. முளைப்பாரிப் பானைகளை மைதானத்தில் இறக்கி வரிசையாக வைத்தார்கள். பச்சையும் மஞ்சளுமாக முழ உயரத்துக்கு முளைகள் நின்றன. அக்காவின் மகள் முதல் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். புதுத் தாவணி. அக்கா வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்து, தன் சேலையைத் திருத்திக்கொண்டாள். அன்று முழுக்க அவள் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவும் அச்சங்குளத்திலிருந்து பட்டுச் சேலையில் வந்து பானைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். தூக்கவேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தம்பி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்து அக்கா மகளின் சிநேகிதி முன்னால் நின்றான். "வேண்டாம்ணே" என்றது அந்தப் பிள்ளை. அவன் சிரித்தான். "வேண்டாம்ணே, வேண்டாம்" என்று பின்னால் நகர்ந்தது. தலையோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டான்.

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. மைக் இல்லாமலேயே ஊர் முழுக்கக் கேட்டது. அவன் தாயை இழுத்த வார்த்தை. அந்தத் தாய்தான் பட்டுச் சேலையில் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாளே!

அக்கா சம்பந்தியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து கயிற்றைத் தூக்கி, குனிந்து, வெளியே வந்தாள். நேரே என் மேசைக்கு வந்தாள்.

"மைக்கில சொல்லுலே."

"அக்கா..."

"சொல்லுலேங்கேன்."

தலைவர் ஓடிவந்தார். "ஆத்தா, நீ வைதது நாயந்தான? தப்பு அவன் மேல. நீ உள்ள வா, நேரமாகுது."

"நாயமான தீப்பெட்டின்னு ஒண்ணு உண்டா மாமா? எவன் கொண்டாந்தாலும் தீப்பெட்டி தீப்பெட்டிதான. கலாட்டா இல்லாம நடக்கட்டும், பானையைத் தூக்கச் சொல்லுங்க."

"பிள்ளைக தூக்கி மேற்க கண்மாய்க்குல்லா போகும்? இங்கன இருந்து உனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"தெரியாட்டா போகுது" என்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக ஊரையே கட்டி இழுத்தவள், ரோட்டோரத்தில் சாமியாடி பக்கத்தில் போய் உட்காரப் போகிறாள்!

நான் மைக்கைப் பிடித்தேன். "மதிப்பிற்குரிய அக்கா" என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, "அவர்கள், விதியை மதித்துத் தாமாகவே..." என்று இழுத்தேன்.

"நிறுத்துலே" என்றாள். "சாமியாடிக்கு மதிப்பிற்குரிய போட்டியா? உனக்குப் போட்டுக்கிட்டியா? மத்தவங்களுக்குச் சொன்ன மாதிரி சொல்லு."

மறுபடி சொன்னேன். வெறும் பெயர். "வைததற்காகக் கயிற்றுக்கு வெளியே." இரண்டு குழாயும் திருப்பி எனக்கே சொல்வது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டேன்.

அடுத்து கயிற்றைத் தூக்கிக்கொண்டு சம்பந்தியம்மா வந்தாள். ஒரு கையில் பட்டுச் சேலைக் கொசுவம், இன்னொரு கையில் மகனின் காது. கல்யாணம் நின்றது என்றுதான் நான் நினைத்தேன். அந்தம்மா மகனை மண்ணில் உட்காரவைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் மதினி வந்தீக? உங்களைப் போய் நான்..." என்றாள் அக்கா.

"வளத்தது நான்தான? இவன் வெளியன்னா நானும் வெளிய" என்றாள் அந்தம்மா. அப்புறம் கொசுவத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "ஆனா அந்த வார்த்தை கொஞ்சம் கூடுதல்தான்" என்றாள். அக்கா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே குலவைச் சத்தம் எழும்பியது. பிள்ளைகள் பானையைத் தூக்கிவிட்டார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குலவை மேற்கே போய்த் தேய்ந்துவிடும் என்று நானும் நினைத்தேன். தேயவில்லை. நெருங்கியது. திரும்பிப் பார்த்தால், அக்காவின் மகள் பானையோடு கிழக்கே வாசலுக்கு வருகிறாள், பின்னால் மொத்த வரிசையும் வருகிறது. தலைவர் குறுக்கே ஓடி, "ஏத்தா, இது பாதை இல்ல!" என்கிறார்.

"வெளிய அனுப்புன ஆளு உள்ள வரக்கூடாதுன்னுதான பேச்சு பெரியப்பா? முளைப்பாரி வெளிய போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள் அந்தப் பிள்ளை. நடையை நிறுத்தவில்லை.

மரத்தடிக்கு வந்து நின்றாள். முளைகள் காற்றில் ஆடின. அக்கா எழுந்தாள். மகளை உச்சி முதல் பாதம் வரைக்கும் பார்த்தாள். கைகள் இரண்டும் தானாக மேலே போயின, திருஷ்டி கழிக்க. அப்படியே நெற்றிப் பொட்டில் மடக்கிச் சொடுக்கினாள். வாய் விட்டு அழுதாள். சம்பந்தியம்மா குலவையிட்டாள். சாமியாடிக்கு மறுபடி அருள் வந்தது. இந்த முறை அவர் வாயையே திறக்கவில்லை.

அழுகைக்கு நடுவிலேயே அக்காவின் கண் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது.

"ஏய், இடிச்சுக்கிட்டு நிக்காதீக! ஆளுக்கு ஆள் எட்டி வாங்க!"

ஊரைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகவே கண்மாய்க்குப் போனது முளைப்பாரி. கயிற்றுக்கு வெளியே இருந்த நாங்கள் ஐந்து பேரும் கூடவே போனோம். அடுத்த வருஷத்திலிருந்து அதுதான் பாதை. இன்றைக்கும் அதுதான்.

இப்போது நான் விருதுநகரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். நல்ல மைக், கரகரப்பு கிடையாது. அக்காவைப் பற்றி எழுதுங்களேன், பெயரோடு எழுதுங்களேன் என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரை நான் மைக்கில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் அவளை வெளியே அனுப்பத்தான் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லமாட்டேன்.